மெக்சிக்கோ கிளப்பின் லெப்ட் பேக்

முதியவர்களைப் பார்க்கிற வேலைக்குக் கைகால் பலத்தைவிடக் காதுப் பலம்தான் முக்கியம் என்பதை, இத்தாலியில் சிஞ்ஞோரா என்கிற வீட்டுக்காரியின் மணிக்கு எழும்பி ஓடுகிற என் சக தொழிலாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலருக்கு யுத்தக் கதை வாய்க்கும், சிலருக்கு மூட்டுவலிக் கதை வாய்க்கும். தொண்ணூறுகளின் நடுவில் பலேர்மோவில் எனக்கு வாய்த்தது மெக்சிக்கோ நாட்டு உதைபந்தாட்டக் கதை.

நான் பார்த்த சிஞ்ஞோருக்கு, வீட்டுக்காரப் பெரியவருக்கு, எண்பத்தொரு வயது. ஒரு காலத்தில் மெக்சிக்கோவுக்குப் போய் ஐஸ் தொழிற்சாலை நடத்தியவர். ஐஸ் விற்ற மனிதர் அதோடு நின்றிருக்கலாம். அங்கே இரண்டாம் பிரிவில் ஒரு கிளப்பைத் தொடங்கி, தானே தலைவராகி, இரண்டே வருடத்தில் அதை இல்லாமலும் ஆக்கினார். கிளப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த இரண்டு வருடத்தில் அது மூன்று தடவை மாறியது. எதை எழுதினாலும் அவர் பிழை என்பார். அவருடைய பேச்சை இங்கே நம் தமிழில் தருகிறேன். தூஷணத்தை எடுத்தபிறகு பாதிதான் மிஞ்சியது.

வீரர் தெரிவு

முதல் நாள் அவருடைய மகள் சிஞ்ஞோரா எனக்கு மருந்துப் பெட்டியையும் குளியலறையையும் காட்டினார். அவர் மொண்டெல்லோவில் கடற்கரைப் பக்கமாய்க் குடியிருப்பவர். வாரத்துக்கு ஒருமுறை வந்து, அலுமாரிகளைத் திறந்து பார்த்து, பெருமூச்சு விட்டுப் போவார். அன்று அவர் போனதும் கிழவர் என்னை நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். திரும்பி நடக்கச் சொன்னார். திரும்பினேன். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்க்காததுதான் குறை.

எந்த இடத்தில் விளையாடுவாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வேலிக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் என் இடம் என்று அரைகுறை இத்தாலியனில் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் கைத்தடியால் தன் இடது பக்கத்தைக் காட்டினார்.

"எனக்கு இடது முழங்கால் மடங்காது. நீ லெப்ட் பேக்."

பதினொரு ஜெர்சி

மாதத்தில் ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே வரும். உள்ளே பதினொரு ஜெர்சிகள். பச்சையும் வெள்ளையும் கோடு போட்டவை. அவற்றை நான் கையால் தோய்த்து, பல்கனிக் கொடியில் இலக்க வரிசைப்படி காயப் போட வேண்டும். ஒன்பதுக்குப் பக்கத்தில் ஏழு தொங்கினால் கிழவர் கைத்தடியால் நிலத்தில் குத்துவார். ஒவ்வொரு ஜெர்சியிலும் மடிப்பு விழுந்த இடத்தில் பழுப்பாய் ஒரு கறை. எலுமிச்சம்புளி போட்டும் பார்த்தேன், சோடா போட்டும் பார்த்தேன். அசையவில்லை.

மேல்மாடி வீட்டில் சமைக்கிற அருளப்பு அண்ணை மன்னார்க்காரர். ஞாயிறு பூசை தவறமாட்டார், மற்ற நாட்களில் என்னைக் கிண்டலடிக்கத் தவறமாட்டார். ஒரு காலை அவர் மேலே இருந்து எட்டிப் பார்த்தார்.

"பதினொரு பேற்றை உடுப்பும் கொடியிலை கிடக்கு. ஆக்கள் எங்கை தம்பி, அவையளையும் பிழிஞ்சு போட்டியோ?"

வியாழக்கிழமைச் சரித்திரம்

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு அரை நாள் விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் சரித்திரம். கிளப்பின் வரலாற்றைப் புத்தகமாய்ப் போட வேண்டும் என்று கிழவர் பிடிவாதமாய் நின்றார். அவருக்குக் கிட்ட இருக்கிற எழுத்துக் கண்ணில் பிடிபடாது, மகளுக்குப் பொறுமை கிடையாது. எழுத அகப்பட்டவன் நான். எனக்கு இத்தாலியன் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. அதனால் அவர் சொன்ன இத்தாலியனை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதினேன். திருப்பி வாசித்தால் அவருடைய வார்த்தையே அவருக்குக் கேட்கும். கண்ணை மூடித் தலையாட்டுவார். உலகத்தில் அந்தப் புத்தகத்தை வாசிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது பெரிய விஷயமாய்ப் படவில்லை.

முதல் ஆட்டத்தில் கிளப் மூன்றுக்கு இரண்டாய் வென்றது. மாரி முடிய அவர் வாயில் அது நான்குக்கு இரண்டாயிற்று. அடுத்த கோடைக்கு ஐந்துக்கு ஒன்று. எதிரணியின் கோலும் குறைகிறதே என்று பழைய கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டினேன். கிழவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரித்திரம் எழுதுகிறவன் கோலைத் தடுக்கக்கூடாது."

ஒரு கையெழுத்து

மூன்றாவது கொப்பி ஓடும்போது என் பெர்மெஸ்ஸோ முடிய மூன்று மாதமே இருந்தது. இத்தாலியில் நான் இருக்கலாம் என்று சொல்கிற ஒரே கடதாசி அது. மனைவியையும் மகளையும் கூப்பிட மனுப் போட்டிருந்தேன். இது போனால் அதுவும் போகும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கொடுக்க, நான் இந்த வீட்டில் வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும். கோயில் அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்து தந்தார். கிழவர் கையெழுத்துப் போடுவதுதான் மிச்சம்.

கடைசி அத்தியாயம் முடியட்டும், பிறகு போடுகிறேன் என்றார். நியாயம் என்று நினைத்தேன். ஆனால் கதை இரண்டாம் வருடத்தின் கடைசி மாதத்துக்கு வந்ததும் அவருக்குத் தண்ணீர் விடாய்க்கும். தண்ணீர் குடித்ததும் முதல் ஆட்டத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு கோல் போடுவார். ஆறு வியாழன் இப்படியே போயிற்று. எனக்கு நித்திரை இல்லை. கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தேன். அருளப்பு அண்ணைக்கும் என் நிலைமை தெரியும், ஆனாலும் அவருடைய வாய் சும்மா இருக்காது.

"கிளப் ரெண்டு வருசத்திலை செத்துப் போச்சு. அதின்ரை செத்தவீடுதான் இன்னும் முடியுதில்லை."

கறையின் காரணம்

ஒரு நாள் சிஞ்ஞோரா கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரோடு வந்தார். அவர் கையில் அளவு நாடா. அறை அறையாய் அளந்தார்கள். கிழவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுற்றியும் அளந்தார்கள். நான் பல்கனியில் அந்தக் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா வந்து பார்த்து, வீணாய் உரசாதே, அது போகாது என்றார்.

பிறகு அவரே சொன்னார். மெக்சிக்கோவில் அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஒரு சனிக்கிழமை அப்பா இரண்டாம் பிரிவில் கிளப்புக்கு இருந்த இடத்தை வேறொரு பட்டணத்துக்காரருக்கு விற்றுவிட்டார். வீரர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஞாயிறு விடிய, கொடியில் கிடந்த ஜெர்சிகளை ஈரத்தோடு பெட்டியில் அமத்திக்கொண்டு குடும்பத்தோடு ரயில் ஏறிவிட்டார். அன்றைக்கு ஆட்டம் இருக்கிறது என்று பதினொரு பேரும் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள். கடைசி அத்தியாயம் ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிஞ்ஞோரா இதையெல்லாம் குரல் மாறாமல் சொன்னார்.

"மைதான வாசல் பூட்டை மாற்றச் சொன்னதும் அப்பாதான். இதை அவரிடம் கேட்காதே, அழுவார்."

புதுப் பூட்டு

அடுத்த வியாழன் காலை சிஞ்ஞோரா கூப்பிட்டு, அப்பாவை வியா மக்வேதா கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் முடி வெட்டுவி, ஐஸ் தூள் போட்ட கிரனீத்தா வாங்கிக் கொடு, அவசரமில்லை என்றார். அவர் வாயில் அவசரமில்லை என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. சந்தேகம் வந்தது. ஆனால் இனிப்பாய் ஏதாவது குடித்தால் கிழவர் கையெழுத்துப் போடுவார் என்ற ஆசையில் சந்தேகத்தை விழுங்கி, கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அது என் பிழைதான். அவர் எலுமிச்சைக் கிரனீத்தாவைக் குடித்துவிட்டு இன்னொரு கோல் போட்டார்.

திரும்பி வந்து மூன்று மாடி ஏறினால் என் திறப்பு பூட்டுக்குள் பாதிக்குமேல் நுழையவில்லை. கதவில் புதுப் பூட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. தட்டினேன். மறுபடியும் தட்டினேன். கிழவர் பூட்டைத் தடவிப் பார்த்தார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்து, கொப்பியை எடு என்றார்.

அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை, கோலும் கூடவில்லை. சனிக்கிழமை விற்றது, ஞாயிறு ரயில் ஏறியது, எல்லாம் வரிசையாய் வந்தது. கோல் காக்கிறவன் அன்றைக்குத்தான் தன் தகப்பனை முதல்முதலாய் ஆட்டம் பார்க்கக் கூட்டி வந்தானாம். பொழுதுபடும்வரை கதவைத் தட்டினார்களாம். இதையெல்லாம் மைதானக் காவல்காரன் பிறகு அவருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறான். முற்றுப்புள்ளி வைத்துவிட்டாயா என்று கேட்டார். வைத்துவிட்டேன் என்றேன். உன் கடிதத்தைத் தா என்று வாங்கி, கொப்பியின் மேல் வைத்து, என் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதமாய்க் காத்திருந்த கையெழுத்து. கிடைத்தபோது சந்தோஷம் வரவில்லை, வெட்கமாய் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோரா படியேறி வந்தார். வீட்டை விற்றாயிற்று, சாமான்கள் மொண்டெல்லோவுக்குப் போய்விட்டன, அங்கே வேலைக்கு வேறு ஆள் இருக்கிறது, என் பை கீழே கட்டடக் காவல்காரரிடம் இருக்கிறது என்றார். ஜெர்சிகள்? கறை பிடித்த துணி என்று எறிந்தாயிற்று. பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. முன்னமே சொன்னால் சண்டை பிடிப்பீர்கள், அதுதான் சொல்லவில்லை அப்பா என்றார். கிழவர் வலது கையால் கைப்பிடியைப் பிடித்து எழும்பி, இடது பக்கத்தை எனக்கு விட்டார்.

"தெரியும் மகளே. நானும் அதனால்தான் அவர்களுக்குச் சொல்லவில்லை."

வேலை போனது, அந்தக் கையெழுத்தில் பெர்மெஸ்ஸோ வந்தது. மெக்சிக்கோவில் இரண்டு வருடம் உயிரோடு இருந்து பலேர்மோவில் மூன்று கொப்பி நீளத்துக்குச் செத்த அந்தக் கிளப்பில், தலைவரோடு கடைசிவரை நின்ற ஒரே வீரன் பந்தையே தொடாத இந்த லெப்ட் பேக்தான்.