எவர்சில்வர் குண்டும் சாணித் தரையும்

என் மாமியாரால் நடக்க முடியும் என்று நான் சந்தேகப்பட்டேன். முடியாது என்று ஊரே நம்பியது, என் வீட்டுக்காரரும் நம்பினார். உப்பு விற்க வருகிறவன்கூட வாசலில் நின்று உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போவான். நான் மட்டும் நம்பவில்லை.

எனக்கு எதையும் சட்டென்று நம்புகிற பழக்கம் கிடையாது. தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், பைக்குள் போட்டபிறகு வெளியே எடுத்து இன்னொரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். இந்தக் குணத்துக்காக நான் வாங்காத ஏச்சு இல்லை. ஆனால் அந்த வருஷம் நான் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோட்டை ஒட்டிய ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு மெட்ராஸில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்பத்தூர் பக்கம் ஒரு ஒண்டிக்குடித்தனம் பார்த்துவிட்டதாகவும் அறுப்பு முடிந்ததும் என்னை அழைத்துப் போவதாகவும் சொல்லியிருந்தார். நானும் மனதுக்குள் அங்கே பாத்திரமெல்லாம் அடுக்கி வைத்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் மாமியார் வரப்பில் வழுக்கி விழுந்தார்.

இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்துவிட்டது. முதலில் கட்டு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் உளுந்தமாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கையோ முழங்காலோ என்றால் கூடியிருக்குமோ என்னவோ, இது கூடவில்லை. வலி தாங்காமல் கதறியபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொடை எலும்பின் தலைப்பகுதியில் இருக்கும் குண்டு உடைந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு ஸ்டீலில் ஒரு குண்டு வைக்கவேண்டும் என்றார் டாக்டர். வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தினமும் நடக்க வைக்கணும். ஆனா கீழ உக்காரவே கூடாது. சம்மணம் கூடாது, குந்தவே கூடாது. குந்தினா அந்தக் குண்டு இடுப்புக் கிண்ணத்த விட்டு வெளிய வந்துரும்மா. திரும்பவும் ஆபரேஷன்தான்."

குந்தாமல் ஒரு பொம்பளை எங்கள் ஊரில் எப்படி இருப்பாள்? சமைப்பது, சாப்பிடுவது, பாத்திரம் தேய்ப்பது, நாற்று நடுவது, விடிவதற்கு முன் ஏரிக்கரைக்கு ஒதுங்குவது, எல்லாமே குந்தித்தான். தச்சரிடம் சொல்லி, உட்காருமிடத்தில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றைப் பின்கட்டுக்குச் செய்து வாங்கினோம். வாளியை வைப்பதும் எடுப்பதும் என் வேலையாயிற்று. எனக்கு அதில் அருவருப்பு இல்லை, ஆனால் மாமியார் அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

பார்க்க வந்தவர்களுக்குக் காலைவிடக் குண்டு பற்றித்தான் கவலை. "எவர்சில்வர்ன்றாங்களே, உள்ள துரு புடிக்காதா?" என்றாள் ஒருத்தி. "இடி இடிக்கசொல்ல வெளிய வராதக்கா," என்றான் பக்கத்து வீட்டிலிருந்த மாமியாரின் தம்பி. அவனே ஒருநாள் என்னிடம் ரகசியமாக, "நெஜமாவே வச்சாங்களா, சும்மா தெச்சி அனுப்பிட்டாங்களா? யாரு கண்டது!" என்று கேட்டான். எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிக் காட்டினேன். படம் வேறு யாருடையதாவது இருக்கும் என்றான். ஆக, அந்த ஊரில் சந்தேகக்காரி நான் ஒருத்தி மட்டும் இல்லை.

மாசங்கள் ஓடின. நான்கு கால் வைத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாமியார் கட்டிலிலிருந்து வாசற்படி வரைக்கும் போவார். "அய்யோ நைனா, உயிரு போவுதே" என்று முனகிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் வந்துவிட்டாலோ வாசற்படி வரைக்கும்கூடப் போகமாட்டார். அவரும் கண் கலங்கி, "அம்மாவுக்கு நல்லா நடை வரட்டும், அப்பறம் நாம போலாம்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். நடை வந்தால் நான் மெட்ராஸ் போகலாம், வராவிட்டால் இங்கேயேதான். மாமியாரை அங்கே கூட்டிப் போகலாமே என்றால், மாட்டையும் கழனியையும் விட்டு அவர் வருவதாக இல்லை.

முதலில் கன்றுக்குட்டிதான் காட்டிக்கொடுத்தது. கழனியில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது நான் கட்டிவிட்டுப் போன முடிச்சு ஒன்று, திரும்பி வரும்போது இருந்த முடிச்சு வேறு. அப்புறம் ஊறுகாய் ஜாடியின் துணியை யாரோ என்னைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். வாக்கர் மட்டும் நான் வைத்த இடத்திலேயே, நான் வைத்த கோணத்திலேயே நின்றது. அதன் மேல்கம்பியில் கோழி எச்சம் காய்ந்திருந்தது. அதைப் பிடித்து நடந்திருந்தால் கையில் ஒட்டாமலா போயிருக்கும்?

நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், அழுவார், ஊரே என்னைக் கரித்துக் கொட்டும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும்தான் எங்கள் வீட்டில் சாணி போட்டு மெழுகுகிற நாள். நான் வேண்டுமென்றே ஒரு புதன்கிழமை கரைத்தேன். கட்டிலின் காலிலிருந்து அடுப்பங்கரை வாசல் வரைக்கும் ஒரு அடிகூட விடாமல் மெழுகினேன். ஈரத்தரையில் பூனை நடந்தால்கூடத் தெரியும்.

"இன்னாத்துக்கு இன்னிக்கி மொயுவற?" என்றார் மாமியார்.

"கோழி அசிங்கம் பண்ணிடுச்சு அத்தே."

அவர் கோழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது தரை காய்ந்திருந்தது. ஒரு காலடி இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒருவேளை நான்தான் பாவியோ என்றுகூட நினைத்துவிட்டேன். பானையை இறக்கி வைக்கக் குனிந்தபோதுதான் பின்வாசல் வெளிச்சத்தில் தரை சரியாகத் தெரிந்தது.

நான் வாலாஜாபாத்தில் சிமெண்ட் தரை போட்ட வீட்டில் வளர்ந்தவள். சாணி மெழுகுவது எனக்குக் கல்யாணத்துக்கப்புறம் வந்த வித்தை. என் கை போன வளைவுகள் பெரிசாக, கோணலாக, ஓரிடத்தில் திட்டாக, ஓரிடத்தில் மண் தெரிய இருக்கும். அடுப்பங்கரை வாசலில் மட்டும் அப்படி இல்லை. அங்கே சின்னச் சின்ன வளைவுகள், மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று, அத்தனையும் ஒரே அளவு. அது என் கை இல்லை.

பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த கணமே அது போய்விட்டது. நின்றுகொண்டு இப்படி மெழுக முடியாது. குந்தித்தான் மெழுக வேண்டும்.

"அத்தே, கையக் காட்டுங்க."

"இன்னாத்துக்கு?" கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் பச்சை.

"குந்துனீங்களா?"

கூரையைப் பார்த்தார். பிறகு என்மேலேயே பாய்ந்தார். "நீ மொயுவறது இன்னா மொயுவல்? கோழி கெளறுனாப்புல கீது. தர காஞ்சப்பறந்தான் எறங்குனேன், அடுப்பங்கர வாசல்ல மட்டும் ஈரம் கீது, கால வச்சிட்டேன், செரி, அந்தத் தடத்த மட்டும் அயிக்கலாம்னுதான் குந்துனேன். குந்துனப்பறம் பக்கத்துல இருக்கறத கண்ணால பாக்க முடியல. அதையும் இயுத்து உட்டேன்."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "எப்பிடி எழுந்தீங்க?"

"கம்பத்தப் புட்ச்சிக்கினுதான்."

"அப்ப நடக்க முடியுது. எங்க முன்னால மட்டும் ஏன் உயிரு போவுது?"

"நான் நடந்தா நீ பட்ணம் பூடுவ," என்றார். சுற்றி வளைக்கவே இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணம் கட்டியும் இத்தனை மாசமாகப் புருஷன் முகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறேனே, இவருக்கு மனசாட்சியே இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அன்னிக்கி வரப்புல வியுந்து எவ்ளோ நேரம் கத்துனேன் தெரியுமா? ஒர்த்தர் காதுலயும் வியல. தண்ணி பாய்ஞ்சிக்கினே கீது, நான் கத்திக்கினே கீறேன். ஒண்டியா இந்த வூட்ல வியுந்தா யாரு கேப்பா?"

நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அவருடைய கையைக் கழுவிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குண்டு இந்நேரம் எங்கே இருக்கிறதோ என்ற பயம்தான்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். டாக்டர் காலைத் தூக்கி, மடக்கி, திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "கீழ உக்காந்தீங்களா?"

மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருடைய மானமே இருந்தது. நான் முந்திக்கொண்டேன். "இல்ல சார். நான் கூடவே கீறேனே, உட்டுடுவேனா?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் நம்புகிற ஜாதி இல்லை. படத்தை விளக்கின்மேல் மாட்டி, குண்டு அதன் கிண்ணத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். "நல்லா இருக்கு. வாக்கர விட்டுட்டுக் கைத்தடி புடிச்சி நடக்கலாம். ஆனா ஒரு தடவ தப்பிச்சா எல்லாத் தடவையும் தப்பிக்காது. ஆயுசுக்கும் குந்தக்கூடாது. புரியுதா?" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அங்கேயே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது.

பஸ்ஸில் வரும்போது மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நல்லா பொய் சொல்றம்மே," என்றார்.

"உங்ககிட்ட கத்துக்கினதுதான் அத்தே."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்ததும், மாமியார் கைத்தடியை ஊன்றிக் கட்டிலிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கட்டிலுக்கும் விறுவிறுவென்று நடந்து காட்டினார். "டேய், இவள இட்டுக்கினு போ," என்றார். அவர் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கோ சந்தேகம் தட்டியது. இத்தனை நாள் பிடித்து வைத்தவர் இவ்வளவு சுலபமாக விடுகிறாரே!

ராத்திரிக்கு மாமியாரின் தம்பி மகள் துணைக்கு வந்து படுத்துக்கொள்வாள் என்று ஏற்பாடாயிற்று. நாங்கள் கிளம்பியபோது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மாமியாரும் நடந்து வந்தார். உச்சுக் கொட்டிய ஊர் வேடிக்கை பார்த்தது. "இன்னா பாக்கறீங்க? எவர்சில்வர் காலு!" என்று அதட்டிக்கொண்டே வந்தார். பஸ் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார், கையை ஆட்டவில்லை.

மெட்ராஸில் எனக்கு நிம்மதி இல்லை. அந்தப் பொம்பளை கோணல் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? நான் இல்லாத வீட்டில் இஷ்டத்துக்குக் குந்துவார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியும். வீட்டுக்காரர் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம், "தரை எப்பிடி கீது?" என்று கேட்பேன். "தரை தரையாத்தான் கீது. அம்மா எப்பிடி கீறாங்கன்னு கேளேன்," என்பார். அவருக்கு என்ன தெரியும்?

பொங்கலுக்குப் போனோம். வாசலில் கால்கூடக் கழுவாமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். மீன் செதில் இருந்தால் அன்றைக்குச் சண்டைதான் என்று முடிவோடு வந்திருந்தேன்.

மீன் செதில் இல்லை. என் கோணல் வளைவும் இல்லை. தலை சீவினாற்போல நீள நீளமான கோடுகள், ஒரு பக்கம் சாணி திட்டுத் திட்டாக, ஒரு பக்கம் வெறும் மண். இவ்வளவு கேவலமாக நான்கூட மெழுகியதில்லை. தம்பி மகளிடம் சொல்லி அவள் ஏனோதானோவென்று செய்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு தென்னந்துடைப்பத்தை நீள மூங்கிலில் இறுக்கிக் கட்டி, காய்ந்த சாணியோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அந்தக் கட்டு, கன்றுக்குட்டிக்கு மாமியார் போடுகிற அதே முடிச்சு.

"யாரு மொயுவினது?" என்று கேட்டேன், தெரிந்தும்.

"நான்தான்." மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நின்னுக்கினு. குந்தக்கூடாதுன்னு சொன்னாரே டாக்டரு. எனக்கு எதுனா ஆயிட்டா நீ திரும்ப இங்க வந்து கெடக்கணும்."

என்னுடைய ஒரு வளைவைப் பொறுக்காமல் காலைப் பணயம் வைத்தவர், இந்தத் தரையைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அசிங்கமா கீதில்ல?" என்றார்.

"இல்ல அத்தே. நல்லாத்தான் கீது."

அவர் என்னை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தார்.