ரெண்டு பக்கமும் கை வச்ச சீட்டு

பெரிய வண்டி வாங்கறதுன்னு முடிவானதும் எம் மகன் பெங்களூர்ல இருந்து போன்ல ஒரு படம் அனுப்பினான். ஒரே வண்டி, அதுல ஆறேழு வகை. பேஸ் மாடல்ல அது இல்ல, நடு மாடல்ல இது இல்ல, டாப் எண்டுல எல்லாம் இருக்குன்னு கட்டம் கட்டமா டிக் போட்டிருந்துச்சு. நெல்லுல கூட இத்தனை ரகத்தை நான் ஒண்ணா பாத்ததில்ல. மேக்கூரையில கண்ணாடி, சீட்டுக்கடியில காத்து, சுத்தியும் கேமரா. நான் தேடினது ஒண்ணே ஒண்ணு. உக்கார்ற சீட்டு தரையில இருந்து எவ்வளவு உசரம்னு. அந்தக் கெரகம் புடிச்ச கட்டத்துல அது மட்டும் எங்கயுமே இல்ல.

எம் மகளுக்குப் பொறந்ததுல இருந்தே ரெண்டு காலும் பேச்சுக் கேக்காது. இடுப்பும் தனியா நிக்காது. கையும் வாயும் நல்லா வேலை செய்யும், அதுலயும் வாய் ரொம்ப நல்லா. இப்ப இருபத்தாறு வயசு. கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து குளிக்கற எடத்துக்கு, ஊட்டுல இருந்து வண்டிக்குன்னு எல்லாத்துக்கும் நாந்தான் தூக்கணும். எஞ் சம்சாரத்துக்கு மணிக்கட்டு ரெண்டும் எப்பவோ போயிருச்சு. எங்ககிட்ட இருந்த சின்னக் காரு தவளை மாதிரி தரையோட கெடக்கும். அவளைக் கையில ஏந்திட்டு, முக்காவாசி மடிஞ்சு, அவ தலை இடிக்காம உள்ள விட்டு, அப்பறம் நான் நிமிரணும். போன வருசம் ஒரு நாள் நிமிர முடியல.

அன்னைக்குக் கோபாலபுரம் வழியா பொள்ளாச்சிக்குக் கெளம்பிட்டிருந்தோம். வாரம் ஒருக்கா அங்க அவளுக்குத் தசைப் பயிற்சி. மகளுக்குன்னு போன எடத்துல என்னயப் படுக்க வச்சுப் படம் எடுத்தாங்க. டாக்டர் பாத்துட்டு, முதுகெலும்புல தட்டு தேஞ்சிருக்கு, இனிமே கனம் எதுவும் தூக்கக் கூடாதுன்னார். சரிங்கன்னேன். வேற என்னத்தச் சொல்றது? நான் தூக்கலைன்னா அவ அந்த அறையோட சரி. சாகற வரைக்கும் ஒரு சன்னல், ஒரு கட்டில். அவ்வளவுதான்.

பெரிய வண்டின்னா சீட்டு என் இடுப்புக்கு நேரா வரும், குனிய வேண்டியதில்ல, இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டிரலாம்னு ஒரு கணக்கு. நல்லேப்பிள்ளியில வயல் பாக்கற நான் ஏழு பேர் போற வண்டி பாக்கப் போனது அதுக்குத்தான். ஊர்க்காரனுக அதுக்கும் வாய் வச்சானுக. நெல்லுல அவ்வளவா கொட்டுதுன்னு ஒருத்தன் கேட்டான். ஆமா, வந்து சாக்கைப் புடின்னேன்.

மகள் போனும் கையுமா உக்காந்து ஒவ்வொரு வகையையும் கரைச்சுக் குடிச்சிருந்தா. கடைசியில ரெண்டு வகைக்கு வந்து நின்னுச்சு. நடு மாடல்ல ரெண்டாவது வரிசை ஒரே நீளப் பெஞ்சு. டாப் எண்டுல அதே எடத்துல தனித்தனியா ரெண்டு சீட்டு, கேப்டன் சீட்டுன்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் கை வச்சிருக்கும். உனக்கு எது வேணும் கண்ணுன்னு நான் கேட்டதுக்கு, எதுனாலும் சரிங்கப்பான்னா. பொழுதோட அவங்கம்மாகிட்டப் பேசிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு.

"அந்தக் கை வச்ச சீட்டுன்னா நீங்க என்னயப் புடிச்சுட்டே வர வேண்டாமில்லீங்கம்மா. நாம்பாட்டுக்கு உக்காந்து வருவேன்."

வளைவுல சாயாம இருக்க அவங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒரு கையால அவளைச் சுத்திப் புடிச்சுட்டே வருவா. கைக்கொழந்தையில இருந்து அப்படித்தான். அதை ஒரு கொறையா அவ சொல்லி நான் கேட்டதே இல்ல. சொல்லாத கொறை எத்தனை இருக்கோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சோரூமுக்கு வான்னா வர மாட்டேன்னுட்டா. அங்க வச்சுத் தூக்கித் தூக்கி எறக்கறதுக்கு நான் என்ன காட்சிப் பொருளான்னு கேட்டா. நாயமாத்தான் பட்டுச்சு. ஆனா எந்த சீட்டுக்குத் தூக்கறது சுளுவுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? நெல்லுக்காரன் புத்தி நெல்லுலதான் போய் நிக்கும். அவ எடைக்கு ஒரு மூட்டை நெல்லு கட்டினேன். களத்துல இருக்கற எடை மெசின்ல அவளை நாற்காலியோட ஏத்தி, நாற்காலி எடையைக் கழிச்சு, மிச்சத்துக்குச் சாக்குல அளந்து போட்டேன்.

சின்ன வயசுல அவளுக்குக் கால் வரணும்னு கோயில்ல துலாபாரம் நேர்ந்துக்கிட்டோம். தராசுல ஒரு தட்டுல அவ, மறு தட்டுல நெல்லு. நெல்லு சாமிக்குப் போச்சு, கால் வரல. அதை அவ இன்னும் ஞாபகம் வச்சிருந்தா. இந்தத் தடவ யாருக்குங்கப்பா, வண்டிக் கம்பெனிக்கான்னு கேட்டா. நானும் அவளும் சிரிச்சோம். எஞ் சம்சாரம் சிரிக்கல. உசுரோட இருக்கற புள்ளைய மறுக்காவும் நெல்லோட நிறுத்துட்டீங்களேன்னு முந்தானையை மூஞ்சியில வச்சுட்டு உள்ள போயிட்டா.

பாலக்காட்டு சோரூம்ல மூட்டையோட எறங்கினதும் காவக்காரர் தடுத்துட்டார், மில்லு பின்னாடி தெருவுலங்கன்னு வழி சொன்னார். வண்டி பாக்கறதுக்குன்னே பெங்களூர்ல இருந்து வந்திருந்த எம் மகன், என்னய யாருன்னே தெரியாத மாதிரி டயரைப் பாத்துட்டு நின்னான். விக்கற பையன் மலையாளமும் தமிழுமா கலந்து, சேட்டா இது எந்தினா, எதுக்குங்க இந்த மூட்டைன்னான். எம் பொண்ணு இந்த எடைன்னேன். பாவம், அவனே போய் ரெண்டு மாடலுக்கும் கதவைத் தொறந்து விட்டான்.

பெஞ்சு சீட்டுல மூட்டையை நுனியில வச்சு ஒரு தள்ளு. துணி சீட்டு, ஆனாலும் நகந்து போச்சு. அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்து இழுத்தா இன்னும் சுளுவு. இதுக்கு எம் முதுகு ஒத்துக்கும். டாப் எண்டு கதையே வேற. சக்கரம் பெருசுங்கறதால வண்டி நாலு விரக்கடை எச்சா உசரத்துல நிக்குது. அந்த நாலு விரக்கடை கனம் தூக்கறவனுக்குத்தான் தெரியும். சீட்டு ரெண்டு ஓரமும் மேடு தட்டி நடுவுல பள்ளம். தள்ளவே முடியாது. ஓரத்துக்கு மேல தூக்கிக் கொண்டு போய் உள்ள எறக்கணும். மூட்டையை எறக்கும்போது இடுப்புல சுள்ளுனு இழுத்துச்சு. வெள்ளைத் தோல் சீட்டுல உமி கொட்டிக் கெடந்துச்சு. அதைத் தட்டி விடற சாக்குல சித்தெ நேரம் குனிஞ்சே நின்னேன்.

மகன் டாப் எண்டுதான்னு நின்னான். ஆனையே வாங்கறோம், அங்குசத்துக்கு யோசிக்காதீங்கப்பான்னான். அவம் புள்ளைகளுக்கு மேக்கூரைக் கண்ணாடி வேணுமாம். சரி, நீ ஒருக்கா இந்த மூட்டையைத் தூக்கி வச்சுப் பாருன்னேன். சட்டையைப் பாத்துக்கிட்டான். அப்பறம் சாக்கு வாயைப் புடிச்சுத் தூக்கி, சீட்டுல டொம்முனு போட்டான். நான் அவனையே பாத்தேன்.

"மூட்டைதானுங்கப்பா"ன்னான்.

எனக்கப்பறம் யாருங்கற கேள்விக்கு அன்னைக்கு அந்தச் சோரூம்லயே பதில் கெடச்சுருச்சு. ஊட்டுல அதை யார்கிட்டயும் சொல்லல.

எது எழுதட்டும்னு பையன் கேட்டான். முதுகு நடு மாடலைச் சொல்லுச்சு. வாய் டாப் எண்டுன்னுருச்சு. மகனுக்காகன்னு அவன் நெனச்சுக்கிட்டான், நானும் நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டேன். ஒரு சீட்டுல யாரும் புடிக்காம உக்காந்து வரணும்னு ஆசைப்பட்டவளுக்கு, எம் முதுகைக் காட்டி முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

வண்டி வர நாளாகும்னாங்க. அதுக்குள்ள ஒடம்பைப் பழக்கிக்கலாம்னு நெனச்சேன். வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கு, அதோட சுவர் கிட்டத்தட்ட அந்தச் சீட்டு உசரம். இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, தெனமும் காலையில அதே மூட்டையை ஏந்தித் தொட்டிச் சுவரு மேல வைக்கறதும் எறக்கறதுமா இருந்தேன். மகளோட சன்னலுக்கு நேரா அந்தத் தொட்டி. பாத்து வைங்கப்பா, மூட்டைக்கு வலிக்கப் போகுதுன்னு மொதல்ல கிண்டல் பண்ணுவா. அப்பறம் அப்பறம் கிண்டல் இல்ல. அது ஏன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. ஊட்டுல அவ செல்லமா வளத்தற நாய் ஒண்ணு, அதுவும் அப்பப் பாத்து எந்நேரமும் அவ சன்னலுக்கடியிலயே படுத்துக் கெடந்துச்சு. என்ன கண்ணு, உன் நாய் நடக்கவே மாட்டீங்குது, உனக்குத் தொணையா ஒண்ணு ஆச்சுன்னு நான் கேலி பேசினேன். அவளும் சிரிச்சா.

வண்டி வந்துச்சு. மாலை போட்டு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினோம். அவளை ஏந்தினேன். அட சாமி, பூ மாதிரி வந்தா. ஓரத்துக்கு மேல கொண்டு போய் உள்ள எறக்கினேன், முதுகு முனகக்கூட இல்ல. பழகினா ஆகாதது எதுவுமில்லைன்னு தெருவுல நின்னவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசினேன். பொள்ளாச்சி போற வழி பூராவும் அவ ரெண்டு கையையும் சீட்டோட ரெண்டு கை மேல வச்சுக்கிட்டு, ராணி மாதிரி வந்தா. பக்கத்துச் சீட்டுல அவங்கம்மாவுக்குத்தான் கையை என்ன பண்றதுன்னு தெரியல. மடியில வச்சுப் பாத்தா, கம்பியைப் புடிச்சுப் பாத்தா, கடைசியில முந்தானையை முறுக்கிட்டே வந்தா.

கொஞ்ச மாசம் நல்லா ஓடுச்சு. அப்பறம் ஒரு நாள் பயிற்சி குடுக்கற அம்மா என்னயத் தனியாக் கூப்பிட்டாங்க. இருந்த தசையும் கரைஞ்சுட்டு வருது, எடை ரொம்ப எறங்கிருச்சு, ஊட்டுல சோறு போடறீங்களா இல்லையான்னு கேட்டாங்க. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. நெல்லு வெளையற ஊட்டுக்காரனைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? வர்ற வழியெல்லாம் அந்த அம்மாவைத் திட்டிக்கிட்டே வந்தேன். மகள் வெளிய பாத்துட்டு வந்தா.

ஊட்டுக்கு வந்து கால் கழுவத் தொட்டிக்குப் போனேன். உள்ள அவளுக்குச் சோறு போடற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு நாய் எந்திரிச்சு, சன்னலைப் பாத்து வாலாட்டிட்டு நின்னுச்சு. அவங்கம்மா அடுப்படிக்குத் திரும்பின காலடி கேட்டதும் சன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு கை வந்துச்சு. கையில ஒரு உருண்டை சோறு. இன்னொண்ணு. அப்பறம் இன்னொண்ணு. நாய் சத்தமே போடாம தின்னுச்சு. நல்லாப் பழகியிருந்துச்சு.

உள்ள போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அறிவு இருக்கான்னேன், செத்துப் போயிருந்தா என்னடி பண்றதுன்னேன். சம்சாரம் கரண்டியோட ஓடி வந்து ஒண்ணும் புரியாம நின்னா. நான் கத்தி ஓஞ்சதும் மகள் வெரல்ல ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டுல தொடச்சா.

"வண்டியை இனி மாத்த முடியாதில்லீங்கப்பா"ன்னா. "மூட்டையை எறக்கிட்டு நீங்க தொட்டியைப் புடிச்சுட்டு நிப்பீங்க. மூச்சு விடவே முடியாம நிப்பீங்க. தெனமும் பாத்தேன். அந்தச் சீட்டை ஆசைப்பட்டது நாந்தானுங்க."

பொம்பளை மாதிரி அழுகாதேன்னு எங்கப்பன் என்னயச் சொல்லுவான். அன்னைக்கு அழுதேன். அவ காலடியில உக்காந்து, நீ தின்னு கண்ணு, எனக்கு முதுகு நல்லாருக்குது, நீ எத்தனை கனமானாலும் நான் தூக்குவேன், எஞ்சாமியில்ல, தின்னுன்னு கெஞ்சினேன். சம்சாரம் மூக்கைச் சிந்திக்கிட்டே தட்டுல மறுக்காச் சோறு போட்டுக் கொழம்பு ஊத்தினா. மகள் தின்னா. எத்தனை மாசப் பசியோ, குனிஞ்ச தலை நிமிராம தின்னா. தட்டு வழிச்சாச்சு. இன்னும் கொஞ்சம் போடுங்கம்மான்னா.

எனக்குச் சந்தோசம் வந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு முந்தியே, யாரும் எதையும் தூக்காமயே, இடுப்புல அதே எடத்துல சுள்ளுனு இழுத்துச்சு. ஒரு நொடிதான். அந்த நொடியில அவ நிமிந்து எம் மூஞ்சியைப் பாத்துட்டா.

கரண்டி தட்டுக்கு வர்றதுக்குள்ள குறுக்க கையை வச்சு மூடிட்டா.

"போதுங்கம்மா"ன்னா.