சாகாத கொம்பையாவும் சன்னல் சீட்டும்

எங்க இருளம்மா கதை சொல்ல வாயைத் தொறந்தா, ஏழாயிரம்பண்ணைக் காக்கா பூராம் கத்துறதை நிப்பாட்டிட்டு வந்து உக்காந்து கேக்கும். பட்டாசுக் கம்பெனிக்கு எங்களை ஏத்திட்டுப் போற வேன்ல, டிரைவர் நாகையா அண்ணனுக்குப் பின்னாடி இருக்க சன்னல் சீட்டு அவளுக்குத்தான். கதை சொல்றவுகளுக்குச் சன்னல் சீட்டு. எங்க வேன் சட்டம் அது. கலெக்டரே வந்து ஏறுனாலும், கதை தெரியலைன்னா நின்னுக்கிட்டுத்தான் வரணும்.

அவ அதைக் காத்துக்காகப் பிடிக்கலை. பின்சீட்டுல உக்காந்தா, ரெண்டு பள்ளம் தாண்டுறதுக்குள்ள குடல் வாய் வழியா வெளிய எட்டிப் பாக்கும். ஒருநா அப்படி வந்துட்டு, வேலை பாக்க முடியாம பொழுதுக்கும் வேப்பமரத்தடியில சுருண்டு கெடந்தா. சம்பளமும் போச்சு.

இந்தச் சீசன்ல அவ எடுத்தது ஆட்டுக்காரக் கொம்பையா கதை. அவன் மீசை ஒரு நுனி விருதுநகர்ல, மறுநுனி சாத்தூர்ல. அவனைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொன்னதுதான் தாமதம், புதுசாக் கல்யாணமான பாண்டிமீனா ஒப்பாரியே வச்சுட்டா.

"மதினி, கொன்னுறாதீக! எனக்குச் சோறு எறங்காது."

இருளம்மாவுக்கு மனசு எளகிருச்சு. கதைக்குள்ள ஒரு சாமியக் கூட்டியாந்து, "இனிமே ஒனக்குச் சாவே கெடையாதுலே"ன்னு வரம் குடுக்க வச்சுட்டா. வேனே கை தட்டுச்சு.

மறுநா கொம்பையா கெணத்துல விழுந்தான்.

"விழட்டும், சாகவா போறான்?"னு முருகேஸ்வரி விட்ட கொட்டாவியில ரெண்டு ஈ உள்ள போயிட்டுத் திரும்பி வந்துச்சு.

புலி வந்துச்சு. "பாவம், புலிக்குத்தான் பல்லுப் போகும்."

வெள்ளம் வந்துச்சு. "குளிச்சுட்டு வரட்டும் விடு."

ஆளாளுக்குப் போனை எடுத்துட்டாக. முருகேஸ்வரி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா: "ஏ இருளி, நாளைக்கும் இப்படி இழுத்தேன்னா சீட்டை விட்டுரு. நான் அங்கன உக்காந்து எல்லாருக்கும் போன்ல நாடகம் காட்டுறேன்."

அன்னைக்கு முச்சூடும் பெட்டியில வெடி அடுக்கிக்கிட்டே இருளம்மா வாய்க்குள்ள முணுமுணுத்தா. குடுத்த வரத்தைக் கதைக்காரியே பிடுங்கக் கூடாது. அதுவும் வேன் சட்டந்தான்.

மறுநா காலையில புலியும் இல்ல, வெள்ளமும் இல்ல.

"கொம்பையா கெழவனாயிட்டான். தாத்தன் போனா நெய்ப்பந்தம் பிடிக்கணும்ல, பேரன் காத்துக் கெடந்தான். தாத்தன் போகலை, பேரன் போயிட்டான். அந்தப் பேரனுக்குப் பந்தம் பிடிச்ச பேரனும் போயிட்டான்."

வேன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு.

"ஊர்ல யாரு செத்தாலும் வெடிச்செலவு கொம்பையாதுதான். கொட்டடிக்கிறவன், 'தாத்தா, ஒங்களுக்கு எப்பம்?'பான். அவன் மகனும் கேப்பான், மகனுக்கு மகனும் கேப்பான். பேரன்மாருக்கெல்லாம் தாத்தன் பேரு. ஏலே கொம்பையான்னா தெருவே திரும்பும். ஆனா அவனை ஏலேன்னு கூப்பிட ஒரு ஆள் மிச்சமில்ல. கூட ஆடு மேய்ச்சவன் இல்ல. சோத்துல உப்பில்லைன்னு சண்டை போட பொண்டாட்டி இல்ல."

சிரிப்பு நின்னுருச்சு. போன் ஒண்ணொண்ணா அமந்துச்சு. முருகேஸ்வரி போன் மட்டும் தனியாக் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அதையும் அவளே அமத்திட்டு, "பெறகு?"ன்னா.

"கம்மாக்கரையில நின்னு சாமியக் கூப்பிட்டான். 'எடுத்துக்கோ சாமி'ன்னு. சாமி சொல்லுது, 'நானாக் குடுக்கலைப்பா. பாண்டிமீனான்னு ஒருத்தி அழுதா, குடுத்தேன். அவ சொன்னா எடுத்துக்கிறேன்.'"

வேன்ல இருந்த அம்புட்டுத் தலையும் பாண்டிமீனா பக்கம் திரும்புச்சு. அவ முந்தானையில மூக்கைச் சிந்துனா.

"போகச் சொல்லுங்க மதினி. பொண்டாட்டிகிட்டப் போயி உப்புக் கேக்கட்டும்."

பேரன் பேத்தி எடுத்து நெறஞ்ச வயசுல போற கல்யாணச் சாவுல்ல! மொதக் குலவை முருகேஸ்வரிதான். எல்லாருமாச் சேந்து போட்ட குலவையில, காட்டுல மேஞ்ச ஆடு பூராம் கோயில்பட்டிக்கு ஓடிருச்சு. நாகையா அண்ணன் பதறிப் போயி வண்டிய ஓரங்கட்டுனாரு.

"ஏத்தா, யாரு போயிட்டா?"

"கொம்பையாண்ணே."

அவரு தலைத்துண்டை அவுத்து மடியில வச்சாரு. பெறகு வண்டிய எடுத்தாரு.

"சரி. நாளைக்கு என்ன கதை?"

இருளம்மா சன்னல் கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "இருக்குண்ணே. இந்தத் தடவை சாகுற பயலாப் பாத்துக் கூட்டியாறேன்."