என் ஐடியில் மாறிய பட்டா

டெல்டாவில் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் ஒப்பந்தக் கணினிப் பணியாளராக இருந்தேன். பட்டாக்கள் கணினிக்கு மாறியிருந்த காலம். யார், எப்போது, எந்தப் பட்டாவில் கை வைத்தார்கள் என்பதை சர்வர் வரிவரியாகக் குறித்துக்கொண்டே இருக்கும். லாக் என்று அதற்குப் பெயர். அத்தனை வரிகளையும் உட்கார்ந்து வாசிக்க யாராலும் முடியாது. அதனால் நான் ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். அது லாக்கை அலசி, சந்தேகமான மாற்றங்களை மட்டும் பொறுக்கி, தினமும் காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்துக்குத் தானாகவே மெயில் அனுப்பிவிடும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒரு நாள், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் பழைய பட்டா நகலோடு வந்தார்.

"முக்கால் ஏக்கருங்க. உபரி நிலம்னு எங்க மாமனாருக்கு அரசாங்கம் குடுத்தது. அவருக்கப்புறம் என் பேருக்கு வந்துச்சு. இப்ப பண்ணை வீட்டுக்காரர் வந்து வரப்புல கல்லு நடுறாரு. பட்டா அவர் பேர்ல இருக்காம்."

பார்த்தேன். அவர் பேரில்தான் இருந்தது. மாற்றியது யாரென்று லாக்கைத் திறந்தேன். என் ஐடி.

அந்தத் தேதியில் நான் நாகூரில், தங்கையின் நிக்காஹ்வில் இருந்தேன். பாஸ்வேர்டை மட்டும் துணை தாசில்தாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். "நீங்க இல்லாதப்ப வேலை நிக்கக்கூடாதில்லம்மா" என்று கேட்டிருந்தார். என் ரிப்போர்ட் இதை ஏன் பிடிக்கவில்லை? அதற்கும் நானே காரணம். "ரிப்போர்ட் முழுக்க நீங்க சோதனைக்குப் போடுற பதிவாத்தான் வருது. உங்க ஐடியை விட்டுடுங்க" என்று முந்தின மாதம் அவர் சொன்னதும், அப்படியே புரோகிராமில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டிருந்தேன்.

அவரிடம் போய்க் கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"வருகைப் பதிவேட்டைப் பாருங்க. அன்னிக்கு நீங்க ஆபீஸ்லதான் இருந்திருக்கீங்க."

லீவு போட வேண்டாம், வந்து கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மறுநாள் திரும்பி வந்ததும் போட்டேன். என் கையெழுத்துதான்.

அதன்பின் நான்கு நாட்கள் அந்தப் பெண் வந்து, வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "பாத்துட்டீங்களாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், சர்வர் வேலை செய்யவில்லை என்று பொய் சொன்னேன். சொன்னால் குற்றவாளி நான். சொல்லாவிட்டாலும் நான்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன். காலை பத்து மணிக்கு என் புரோகிராம் மட்டும் தவறாமல் எழுதி அனுப்பியது: சந்தேகத்துக்குரிய மாற்றம் ஏதுமில்லை.

ஐந்தாம் நாள் அந்த வரியை நீக்கி, கடந்த ஆறு மாதத்து லாக்கையும் ஓடவிட்டேன். ஒன்பது பட்டாக்கள் வந்து விழுந்தன. ஒன்பதிலும் என் ஐடி. பாஸ்வேர்டைக் கொடுத்தது, பொய்க் கையெழுத்துப் போட்டது இரண்டையும் ஒரு கடிதத்தில் எழுதி, ரிப்போர்ட்டோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன்.  

அந்த வாரமே என் ஒப்பந்தம் ரத்தானது. துணை தாசில்தார் வேறு தாலுகாவுக்கு மாற்றலாகிப் போனார். அந்தப் பெண்ணின் பெயர் பட்டாவில் திரும்ப ஏற ஒரு வருடமாயிற்று. நடுவில் ஒரு சாகுபடியை அவர் இழந்துவிட்டார்.

விசாரணையில் என்னை நிறையக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "நாலு நாள் ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். சும்மா இருக்கவில்லை, நாலு நாளும் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன்.