இரண்டாவது தோட்டா

முதல் தோட்டா ஒழுங்காக ஏறிவிடும். இரண்டாவதுதான் ஏறாது. ரைபிளின் போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அது வெறுமனே போய் மூடிக்கொள்ளும். தோட்டா, மேகசின் என்கிற அடிப்பெட்டிக்குள் சுகமாகப் படுத்துக் கிடக்கும். கூடலூர் அவுட்போஸ்ட்டில் எங்களிடம் இருந்த ஆறு ரைபிள்களும் பட்டாளம் பழகிக் கழித்தவை. அவற்றில் ஐந்து, கிழடானாலும் சொன்ன பேச்சைக் கேட்டன. முதல் நம்பர் ரைபிள் மட்டும் என் மானத்தை வாங்கியது.

அது யுத்தகாலம். நான் அங்கே கான்ஸ்டபிள். ரைபிள்களைப் பராமரிக்கும் வேலை என் தலையில். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து துப்பாக்கிப் பயிற்சியைப் பார்வையிடுவார் என்று மதுரையிலிருந்து தபால் வந்தது. எங்கள் ஏட்டையா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அதிகாரி முன்னால இது மக்கர் பண்ணுச்சு, நீ மதுரை லயனுக்கே மூட்டையைக் கட்டிரு. எழுதி அனுப்பிருவேன், ஆமா."

மதுரை லயன் என்பது போலீஸ் கொட்டடி; அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள எனக்கு இடம் கிடைக்காது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம், தலைப்பிரசவம். அவள் அம்மா வீடு பக்கத்தில் கம்பத்தில்தான். இங்கே இருந்தால் பிள்ளை பிறந்த சேதி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து லீவு கேட்டு மனு எழுதியே கை ஓய்ந்துபோகும். எனக்குப் பதவி உயர்வெல்லாம் வேண்டாம், இங்கேயே கிடந்தால் போதும் என்றிருந்தது.

மருந்தில்லாத பழகு தோட்டாக்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். பலனில்லை.

"பூப்பறிக்கிறாப்பல இழுக்காத. முழுசா இழு!" என்றார் ஏட்டையா. பிறகு தானே பிடுங்கி இழுத்தார். முழங்கை சுவரில் இடித்ததுதான் மிச்சம்.

இரண்டாம் நம்பரின் மேகசினைக் கழற்றி இதில் மாட்டினேன். ஐந்தும் அழகாக ஏறின. இதன் மேகசினை அதில் மாட்டினேன். அந்த நல்ல ரைபிளும் திணறியது. ஆக, கோளாறு மேகசினில்தான். வாய்ப்பக்கம் நசுங்கவில்லை. ஸ்பிரிங்கை மற்றதோடு நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவினேன். என் மேல் அடித்த வாடையில் மனைவி பக்கத்திலேயே வரவிடவில்லை.

புதன்கிழமை, செய்யக்கூடாத காரியம்தான், மேகசினை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். தோட்டாக்களைத் தாங்கும் தட்டை என் மனைவி விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே போன தட்டு பாதி வரை வந்து நின்றுகொண்டது. சிரித்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்சுவரைச் சுரண்டினாள். பழுப்பாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. நசுக்கி முகர்ந்தாள்.

"ஏங்க, இது ஆயுத பூசைக்கு நான் அரைச்சுக் குடுத்த சந்தனமில்ல?"

எனக்கு விளங்கிவிட்டது. பூஜையன்று எல்லா ரைபிளுக்கும் பிடிக்கட்டையில்தான் பொட்டு. முதல் நம்பர் ஏட்டையாவின் செல்லப்பிள்ளை. அதற்கு மட்டும் மேகசினைத் திறந்து, "குண்டு இங்கன இருந்துதான கெளம்புது" என்று தட்டின் மேலேயே தாராளமாக அப்புவார். அது பக்கங்களில் வழிந்து காயும். மேலே எண்ணெய் படியும். மறுவருஷம் இன்னொரு பூச்சு. வீட்டுச் சுவருக்குக்கூட யாரும் அவ்வளவு சிரத்தையாகப் பூசியிருக்க மாட்டார்கள்.

மண்ணெண்ணெய்க்கு அசையாத சந்தனம், சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறிக் களிம்பாக வந்தது. துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, லேசாக எண்ணெய் தொட்டு மாட்டினேன். தட்டு துள்ளி எழுந்தது. ஐந்து தோட்டாவும் மளமளவென்று ஏறின. கொல்லையில் நின்று நான் குதித்ததைப் பார்த்து அண்டை வீட்டு ஆடு மிரண்டு ஓடியது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் கோபம் விடுமா? நேரே ஏட்டையாவிடம் போய், "உங்க பக்திதான் என்னைய மதுரைக்கு அனுப்பப் பார்த்துச்சு" என்று பொரிந்துவிட்டேன். அவர் இரண்டு நாளும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ரைபிளைச் சரியாக்கிவிட்டு என் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் பயிற்சி. முதல் நம்பரில் ஐந்து சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. அதிகாரி தானே வாங்கி ஐந்து சுட்டார். இந்த ரைபிளைப் பற்றி எப்போதோ இங்கிருந்து போன புகாரைப் படித்த ஞாபகம் போலும், யார் சரி செய்தது என்று கேட்டார். நான் முன்னால் வந்து சல்யூட் அடித்தேன்.

"இந்த ஆள் இங்கே எதற்கு? மதுரை ஆயுதக் கிடங்குக்கு அனுப்புங்கள்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கெட்டுப்போனாலும் மதுரை, சரியானாலும் மதுரையா? கான்ஸ்டபிள் எதிர்த்துப் பேச முடியுமா?

அப்போது ஏட்டையா ஓரடி முன்னால் வந்தார். தன் மேல் தப்பு என்று வீட்டில்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர்.

"ஐயா, அந்த மேகசினை அடைச்சது நான்தான். பூசை போடுறேன்னு உள்ளாற சந்தனத்த அப்பிப்புட்டேன். இவன் போயிட்டா மத்த அஞ்சையும் கெடுத்துருவேன். என்னைய நம்பி ரைபிள விட்டுட்டுப் போகாதீக."

அதிகாரி ஒரு கணம் முழித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கான்ஸ்டபிள்கள் எல்லாரும் சிரித்தார்கள். "சரி, இவன் இங்கேயே இருக்கட்டும், உம்மிடமிருந்து ரைபிளைக் காப்பாற்ற" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏட்டையாவின் காது மடல் சிவந்திருந்தது.

திரும்பும் வழியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"பேசாம நடலே" என்றார். "என் மூத்தவன் பொறந்தப்ப நான் அந்த லயன்லதான் கெடந்தேன். லீவு கெடச்சு வந்து பார்க்கயில, என்னையக் கண்டு அழுதுக்கிட்டு அவுக ஆத்தா பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டான்."