ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே

என் கணவர் கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஆசிட் தெறித்தால் பருத்தித் துணி இரண்டு சலவைக்குள் சல்லடையாகிவிடும், கம்பளி தாங்கும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டி விளக்குகளின் பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வந்த பழக்கம் அது. பிறகு சிக்கந்தராபாத்தில் நான் நர்ஸாக இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பேட்டரி அறைக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் அங்கே வந்து சேர்ந்தார். ஒரே காம்பவுண்டில் இருவருக்கும் வேலை, அதே காம்பவுண்டில் வீடு. திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டு பேருக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

பேட்டரி அறை ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருந்தது. மர அடுக்குகளில் பெரிய கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ஜாடியிலும் ஆசிட் தண்ணீரில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கும். ஊர் கரண்ட் நின்றுபோனால் தியேட்டருக்கும் வார்டுகளுக்கும் வெளிச்சம் இந்த ஜாடிகளிலிருந்துதான் வர வேண்டும். உள்ளே போனாலே தொண்டை கமறும். அவருக்கோ அதுதான் பூஜை அறை மாதிரி. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்பார் என் மாமியார்.

கல்யாணமான புதிதில் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இங்க பாரு, ஒரு செல்லு ரெண்டு வோல்ட்டு. செலவழிக்கச் செலவழிக்க எறங்கும். ஒன் பாயிண்ட் எய்ட்டுக்குக் கீழ மட்டும் விடவே கூடாது. விட்டா தகட்டுல வெள்ளையா பூத்துரும். அப்புறம் என்ன சார்ஜ் ஏத்தினாலும் பழையபடி பிடிக்காது."

"அப்ப எப்பவும் நெறைய ஏத்தி வச்சிர வேண்டியதுதான?"

"அதுவும் கூடாதுல்லா. அளவுக்கு மேல ஏத்தினா கொதிக்கும். தகட்டுல இருக்க மருந்து உதுந்து அடியில சேறா எறங்கிரும். மேலயும் போகக் கூடாது, கீழயும் போகக் கூடாது."

இப்படி ஒரு பதமா என்று அன்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

யுத்தம் வந்தது. முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிலக்கரி தட்டுப்பாடு என்று ஊர் கரண்ட் அடிக்கடி நின்றது. பிறகு மணிக்கணக்காக நின்றது. ஜாடிகளின் அடியில் சாக்லேட் நிறத்தில் சேறு உயர்ந்துகொண்டிருந்தது. புதுத் தகடுகள் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். பெரிய டாக்டரம்மா பம்பாய்க்கும் மதராஸுக்கும் கேட்டுப் பார்த்தார். ராணுவத்துக்குப் போக மிச்சமிருந்தால் தருகிறோம் என்றார்கள். மிச்சமென்று ஒன்றும் இருக்கவில்லை.

என் கணவர் ஒவ்வொரு விளக்காகப் பேட்டரியிலிருந்து அறுக்கத் தொடங்கினார். முதலில் தாழ்வாரம், பிறகு ஆண்கள் வார்டு, பிறகு பெண்கள் வார்டு. கடைசியில் தியேட்டரும் நான் வேலை பார்த்த பிரசவ அறையும் மட்டும் பேட்டரியில் இருந்தன. ஒருநாள் டியூட்டிக்குப் போனால் பிரசவ அறையின் ஒயரும் கழற்றப்பட்டிருந்தது. மூலையில் இரண்டு அரிக்கன் விளக்குகள். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு அம்மா, ஏன் இப்படி? உங்க சாப் கிட்ட சொல்லுங்க, இது நக்கோ, வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"டாக்டரம்மா கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன். தியேட்டர்ல மயக்கத்துக்கு ஈதர் கொடுக்காவ. அங்க அரிக்கன் கொண்டு போனா எல்லாரும் எரிஞ்சு போவாவ. ஒனக்கு அரிக்கன் போதும்."

"நீங்க வந்து அரிக்கன் வெளிச்சத்துல தையல் போட்டுப் பாருங்க."

"போட முடியாதுன்னு எனக்குத் தெரியும். இருக்கதே இவ்வளவுதான், நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் இருமிக்கொண்டே வருவார், இருமிக்கொண்டே போவார். ஆசிட் ஆவி பட்டுப் பட்டு முன்பற்கள் தேய்ந்து கூர் மழுங்கியிருந்தன. கொய்யாப்பழம் வாங்கி வந்தால் எனக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் மட்டும்தான், அவரால் கடிக்க முடியாது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானமே கரண்ட் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆவதற்கு முன்பே வானம் கறுத்து, ஜன்னல் பக்கம்கூட எழுத்துத் தெரியாத இருட்டு. தியேட்டரில் ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் போவன்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குப் பெண்ணை டாங்கா வண்டியில் கொண்டுவந்து என் அறையில் படுக்கவைத்தார்கள். ஆறேழு பிள்ளை பெற்றவள். குழந்தை சுலபமாகப் பிறந்தது, நன்றாக அழவும் செய்தது. பெண் குழந்தை. அப்புறம்தான் ரத்தம் வர ஆரம்பித்தது.

வயிற்றைப் பிசைந்தேன். இருந்த ஊசியைப் போட்டேன். ரத்தம் நிற்கவில்லை. எங்கேயிருந்து வருகிறது, கர்ப்பப்பையா, கிழிந்த இடமா என்று பார்க்க வேண்டும். அரிக்கனை ஆயா எவ்வளவு கிட்டே பிடித்தாலும் நிழல்தான் விழுந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நர்ஸைப் பிசையச் சொல்லிவிட்டுப் பேட்டரி அறைக்கு ஓடினேன்.

அவர் வோல்ட் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உடுப்பில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"லைட் வேணும்" என்றேன். "எனக்கு இப்ப லைட் வேணும்."

"ஒன் பாயிண்ட் எய்ட் தொட்டாச்சு. உள்ள இன்னும் வயித்தைத் தச்சு முடிக்கல. அதுக்கே எல்லை தாண்டித்தான் போகணும். இதுல ஒன்னையும் சேத்தா..."

அவர் முடிக்கவில்லை. மறுபடி என் உடுப்பைப் பார்த்தார். பிறகு மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த ஒயரை எடுத்து முறுக்கத் தொடங்கினார்.

"போ. வெளிச்சம் வரும். போ."

நான் திரும்பி வருவதற்குள் பிரசவ அறையில் பல்பு எரிந்தது. மஞ்சளாக, ஆனால் நிலையாக. எல்லாம் தெரிந்தது. கிழிசல் எதுவும் இல்லை. கர்ப்பப்பைதான் சுருங்க மறுத்தது. துணியைத் திணித்தேன், முஷ்டியால் அழுத்திப் பிடித்தேன், எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தியேட்டரில் முடித்துவிட்டு டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார். அவருக்குத் தெரிந்ததையும் செய்தார். ஏற்றுவதற்கு ரத்தம் அப்போது எங்களிடம் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்ததும், கண் மங்கியதும், நெற்றி வியர்த்ததும் அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. அரிக்கனாக இருந்திருந்தால் இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன். அவள் போன பிறகும் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆயாதான் போய் என் கணவரிடம் போதும் என்று சொன்னாள்.

தியேட்டரில் இருந்த பெண்ணும் அவள் மகனும் பிழைத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது. தெலுங்குப் பெண்ணின் குழந்தையை அவள் புருஷன் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். நான் அவனிடம் ஏதோ ஆறுதல் சொன்னேன். "ஹவ் அம்மா, ஹவ் அம்மா" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டே போனான். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்காது.

ஊர் கரண்ட் மறுநாள் வந்தது. அந்தக் கரண்டில் அவர் டைனமோவை ஓட்டி சார்ஜ் ஏற்றினார். பல ஜாடிகள் ஏற்றத்தைப் பிடிக்கவில்லை. பலவீனமாக இருந்த செல்கள் பிளஸ் மைனஸ் மாறித் தலைகீழாகவே திரும்பிவிட்டிருந்தன. தகடுகளில் அவர் சொன்ன அந்த வெள்ளை பூத்திருந்தது. குறைந்த கரண்டில் நாள் கணக்காக மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தார். ஆசிட்டை மாற்றினார். ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்களைக் கூட்டிவந்து காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இனி பேட்டரி தியேட்டர் விளக்கை ஒரு ஆபரேஷன் முடியும்வரை தாங்காது என்று அவரே போய் டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்யச் சொல்லியிருப்பேன்" என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நான் கேட்டது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் கொடுத்ததும் தப்பில்லை. இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கலாம். சொல்லிக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு ஆபரேஷன் இல்லை என்று முடிவானது. புதுத் தகடுகளுக்கான கடிதங்கள் போய்க்கொண்டேயிருந்தன. யுத்தம் முடிந்தும் வரவில்லை. பிறகு சமஸ்தானத்திலேயே கலவரமும் பயமுமாக, யாரும் எதையும் அனுப்புகிற காலமாக இல்லை. அவர் தினமும் பேட்டரி அறைக்குப் போய், பிடிக்காத ஜாடிகளுக்கு சார்ஜ் ஏற்றிவிட்டு வந்தார்.

"எதுக்குங்க இன்னும் அங்க கெடக்கீய? இருமல் இப்படி இருக்கு" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற என்ன செய்ய?" என்றார்.

எனக்கும் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. சாயங்காலத்தில் வயிற்றை அறுக்க வேண்டிய கேஸ் எதுவும் வந்தால் வாசலிலேயே பார்த்து, பட்டணத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் அதைச் சொல்லப் பழகிக்கொண்டேன். இங்கே வெளிச்சம் இல்லை, அங்கே கொண்டு போங்கள். டாங்காக்காரன் குதிரையைத் திருப்புவான். உள்ளே படுத்திருப்பவள் வலியில் கத்துவாள். வண்டி கிளம்பி ஹுசைன் சாகர் ஏரிக்கரை ரோட்டுப் பக்கம் போகும். போய்ச் சேர்ந்தார்களா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.