அணில்கள் ஊரைவிட்டுப் போன கதை

எனக்குப் பாட வராது. தாளம் போட வரும். அதற்கு விரல் போதும், ஞானம் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும் அடிக்கு நான் என் நாற்காலியில் தட்டிக்கொண்டிருப்பேன். செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் கழன்ற ஜன்னல் கண்ணாடிதான் பக்கவாத்தியம். ‘நமக்குக் காது அப்படி’ என்று ஆள் கிடைத்தால் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ள வேறெதுவும் என்னிடம் கிடையாது.

அந்தக் காதின் மேல்தான் என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் அரை மணி நேரம் கீ கீ என்று கத்தியிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து தறிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தெருக்கோடி வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் கேக்கல. போய் காதைக் காட்டிக்கினு வாங்க.”

காது பார்க்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கையில் பட்டனைக் கொடுத்தாள். பீப் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான்கு பீப் வந்ததுமே எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. அப்புறம் தடையில்லாமல் அமுக்கிக்கொண்டே போனேன்.

கதவு திறந்தது. “சார், நான் இன்னும் அடுத்த சவுண்டே குடுக்கலியே?”

“அடுத்த அடி அங்கதாம்மா விழணும்.”

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். முடிவு இதுதான்: கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்கள் போய்விட்டன. “குருவி, அணில் சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்காது சார்.”

எனக்கு வியர்த்தது. காது போனதற்காக அல்ல. தெரு முனையில் செல்போன் டவர் வந்த நாளிலிருந்து ஊர் அணில்கள் போய்விட்டன, இயற்கையின் சங்கீதமே ஒழிந்தது என்று இரண்டு வருஷமாக டீக்கடையில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் ஒருநாள், “தோ, மதில் மேல ஓடுதே சார்” என்று காட்டினார். “ஓடுது. பாடல, பாத்தியா? எல்லாம் ரேடியேஷன்பா” என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தப் பெண் ஒரு வாரம் காதில் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு மெஷின் கொடுத்தாள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் பேப்பர் புரட்டினால் தகரம் கிழிந்தது. மிக்சர் தின்றால் வாய்க்குள் ஜல்லி உடைத்தார்கள். மறுநாளே திருப்பிவிடுவது, யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்தேன். தலையில் மிச்சமிருந்த முடியைக் காதுப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு காலையில் டீக்கடைக்குப் போனேன்.

இருபதடி இருக்கும்போதே பெஞ்சிலிருந்து ஆட்டோக்காரர் கடைக்காரரிடம் முணுமுணுத்தார்: “டவர் வந்துக்கினு இருக்காரு. சக்கர இல்லாம ஒண்ணு போடு.”

கடைக்காரர், எந்த டவர் என்று கேட்கவில்லை. கிளாஸை எடுத்துவிட்டார். அப்படியானால் பெயர் பழசு. இரண்டு வருஷமாக என் முன்னாலேயே புழங்கியிருக்கிறது.

“டவருக்கு இன்னிக்கு சக்கர போட்டே குடுப்பா” என்றேன்.

மெஷினைக் கழற்றிக் காட்டினேன். “அணில் எங்கியும் போவலபா. போனது என் காது.”

ஆட்டோக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். திடீரென்று நிறுத்தினார். “யோவ் சார்! டவர எடுக்கணும்னு மனு எழுதி எங்க எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தியே!”

மெஷினை மறுபடி மாட்டிக்கொண்டேன். எதிர் வேப்பமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கிளாஸில் விரல் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அது எந்தத் தாளத்துக்கும் அடங்கவில்லை. இரண்டு முறை நான்தான் தாளம் தப்பினேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்க என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.